ரங்கசாமி முகட்டைக் கையில் எங்கே பச்சை குத்தலாம்?

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். கோடநாடு காட்சிமுனையிலிருந்து தெரியும் ரங்கசாமி முகட்டைப் பச்சை குத்திக்கொள்ள இரண்டு மாதமாக அலைகிறேன், வடிவம் அமையவில்லை. தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம்தான், ஆனால் கோட்டில் வரைந்தால் வெறும் மேடு. ரங்கசாமிக்குக் கூம்பு உண்டு, பக்கத்தில் தனித்து நிற்கும் பாறைத் தூணும் உண்டு.

நான் எடுத்த படத்தை நகலெடுத்து மூன்று அங்குலத்துக்குச் சுருக்கினேன். தூண் தீக்குச்சியாகிவிட்டது. கோயம்புத்தூரில் பச்சை குத்துபவர், நெருக்கமான கோடுகள் சில ஆண்டுகளில் மை பரவி ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, அடியில் நான் வரைந்திருந்த சோலை மரங்களையெல்லாம் அடித்துவிட்டார். நியாயம்தான். பிறகு மணிக்கட்டின் உள்பக்கம் பேனாவால் வரைந்துகொண்டு மூன்று நாள் திரிந்தேன். கையைத் திருப்பினால் மலை சாய்கிறது. (அம்மா அதை மைக்கறை என்று நினைத்துத் தேய்க்க வந்துவிட்டார்.) கெண்டைக்காலையும் யோசித்தேன், தேயிலைத் தோட்ட வேலை, நாள் முழுக்க ரப்பர் பூட்ஸ், புண் ஆற வழியில்லை.

கறுப்பு மை மட்டும். ஐந்து அங்குலம் வரை போகலாம். முன்கையின் வெளிப்பக்கம், மேற்கை ஆகிய இரண்டில், கையை எப்படித் திருப்பினாலும் முகடும் தூணும் நேராக நிற்பது எதில்?