மேடையில் கடலலை உருளை பாதிச் சுற்றில் நின்றுவிடுகிறது: உதவி தேவை

முட்டம் இளைஞர்:
எங்கள் பங்குத் திருவிழாவில், திருவிதாங்கூர் படை டச்சுக்காரரை வென்ற 1741-ஆம் ஆண்டின் குளச்சல் போரை நாடகமாக நடத்துகிறோம். டச்சுக் கப்பல் வரும் காட்சிக்காக, திருகுச் சுருள் போலப் பிளைவுட் பொருத்திய நான்கு உருளைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கிடத்தி, சைக்கிள் செயினால் இணைத்து, ஓரத்தில் நின்று கைப்பிடியால் சுழற்றுகிறோம். பாதிச் சுற்றிலேயே சிக்கி நிற்கிறது. சனிக்கிழமை ஒத்திகை. என்ன செய்வது?

தக்கலை லேத்:
தம்பி, உருளையின் நீளம் எவ்வளவு, நடுத்தண்டு எதனால் ஆனது, பேரிங் எங்கெங்கே இருக்கிறது?

குழித்துறை தச்சர்:
பிளைவுட் ஊதியிருக்கும். இரு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில், வெட்டிய விளிம்புக்குப் பெயின்ட் அடிக்காமல் விட்டால் அது ஈரத்தை உறிஞ்சித் தடித்துவிடும்.

கோட்டாறு மேடை:
இந்த உருளை அலையை இத்தாலியரான நிக்கோலா சப்பாத்தினி 1638-லேயே நூலில் விளக்கியிருக்கிறார். அடிப்படையைக் கற்காமல் இளைஞர்கள் நேரே செயினை மாட்டிவிடுகிறார்கள். சைக்கிளின் ஃப்ரீவீலை அப்படியே பொருத்தியிருப்பீர்கள், பிழை அங்கேதான்.

தக்கலை லேத்:
அண்ணன், ஃப்ரீவீல் என்றால் ஒரு திசையில் வழுக்குமே தவிர, சிக்கி நிற்காது.

மண்டைக்காடு வாசகர்:
இவ்வளவு பாடு எதற்கு? நீலத் துணியை இருபுறமும் நால்வர் பிடித்து அசைத்தால் அலை கிடைத்துவிடும்.

கோட்டாறு மேடை:
கடற்கரைத் திறந்த மேடையில் காற்று அந்தத் துணியைத் தூக்கி நடிகர் முகத்தில் போடும். இரண்டு அலைகளுக்கு நடுவே கப்பல் மிதந்து வருவதை உருளையில்தான் காட்ட முடியும். அந்தக் கால நாடகக் குழுத் தலைவர்களான நவாப் ராஜமாணிக்கமும் ஆர்.எஸ். மனோகரும் தந்திரக் காட்சிகளுக்கென்றே கூட்டம் சேர்த்தவர்கள்.

மண்டைக்காடு வாசகர்:
அவர்களிடம் முழுநேரக் குழு இருந்தது, ஐயா. இவர்களோ வேலை முடிந்து இரவில் கூடுகிறவர்கள். துணியின் கீழ் விளிம்பில் மணல் பை தைத்தால் காற்றையும் சமாளிக்கலாம்.

முட்டம் இளைஞர்:
மன்னிக்கவும். நீளம் 18 அடி. தண்டு 2 அங்குல பிவிசி குழாய். பேரிங் இரு முனைகளில் மட்டும். நடுவில் சுருள் விளிம்பு மேடைப் பலகையில் உரசுகிறது.

தக்கலை லேத்:
உங்கள் தண்டு தொய்கிறது. பிவிசியின் விறைப்பு எஃகினுடையதில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்குதான். அதோடு, பரவிய எடையைத் தாங்கும் தண்டின் தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுவதால், நீளத்தைப் பாதியாக்கினால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே அதே அளவில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் போட்டு, சுருளில் நடுவே நான்கு அங்குலம் இடைவெளி விட்டு, அங்கே ஒரு மரத்தாங்கியில் மூன்றாவது பேரிங்கை வையுங்கள். எடை கூடினாலும் கைப்பிடி இலகுவாகவே சுற்றும். மீண்டும் செயின் மாட்டும்போது, ஒவ்வோர் உருளையையும் முந்தையதைவிடக் கால் சுற்று தள்ளி வையுங்கள். நான்கும் ஒன்றாகவே ஏறி இறங்கினால் அது கடலாகத் தெரியாது. செயினுக்குப் பலகை மூடி கட்டாயம் போடுங்கள். இருட்டில் வேட்டி நுனியோ விரலோ அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

குழித்துறை தச்சர்:
விளிம்புக்குப் பெயின்ட்டும் அடித்துவிடுங்கள்.

முட்டம் இளைஞர்:
குழாயை மாற்றி, நடுவில் தாங்கி வைத்துவிட்டோம். இப்போது சுழல்கிறது. கால் சுற்று தள்ளி வைக்கும் வேலை இன்றிரவு. அனைவருக்கும் நன்றி.