எல்விரா மாடிகன் (1967): இருவரும் சேர்ந்து இறந்தார்களா, ஒருத்தி கொல்லப்பட்டாளா?

நீலக்குறிஞ்சி:

போ விடர்பெர்க் இயக்கிய இந்த ஸ்வீடியப் படத்தை இருபது ஆண்டுகளுக்குப் பிறகு நேற்று இரவு மறுபடி பார்த்தேன். முதல் முறை விம்மி அழுதேன். நேற்று கோபம்தான் வந்தது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சிக்ஸ்டன் ஸ்பாரே ஸ்வீடன் குதிரைப்படையில் லெஃப்டினன்ட். பிரபு குலம், மணமானவன், இரண்டு குழந்தைகளின் தந்தை. ஹெட்விக் யென்சன் சர்க்கஸில் கயிற்றின்மேல் நடக்கும் பெண். எல்விரா மாடிகன் என்பது அவளுடைய மேடைப் பெயர். 1889 கோடையில் இருவரும் ஓடிப்போகிறார்கள். கையிலிருந்த பணம் தீர்கிறது. டென்மார்க்கின் டோசிங்கே தீவில் ஒரு காட்டில் அவன் அவளைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொள்கிறான். அவளுக்கு 21 வயது, அவனுக்கு 34. நடந்த சம்பவம் இது.

படம் தொடங்கும்போதே, இருவரும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்று எழுத்தில் அறிவித்துவிடுகிறார்கள். துப்பாக்கி ஒருவன் கையில்தானே இருந்தது? பிறகு ஒன்றரை மணி நேரம் வெயில், புல்வெளி, மோசார்ட். ஒரு கொலையின்மேல் இவ்வளவு பூவைக் கொட்டியிருக்கிறார்களே என்று நெஞ்சு கொதிக்கிறது.

பழைய ஆபரேட்டர்:

முப்பத்தோரு ஆண்டுகள் தியேட்டரில் படம் ஓட்டியவன் நான். ஓய்வுபெற்ற பின் ஒரு திரைப்படச் சங்கத்துக்கும் ஓட்டிக் கொடுத்தேன். இந்தப் படத்தை அங்கேதான் மூன்று முறை ஓட்டினேன். அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் பார்த்த பூக்களுக்கு நடுவே இருந்த பசியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கடைசிப் பகுதியை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் காட்டுத் தரையில் கையும் முழங்காலுமாகத் தவழ்ந்து காளானும் பழமும் தேடுகிறார்கள். கிடைத்ததை வாயில் போட்டுக்கொள்கிறார்கள். அவள் குமட்டி வாந்தி எடுக்கிறாள். அப்போதும் வெயில் அதே பொன் நிறத்தில்தான் அடிக்கிறது. ஒளிப்பதிவாளர் யோர்கன் பெர்சன் அந்த இடத்தில் ஒளியை மங்கவிடவே இல்லை. உலகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒரு கவளம் சோறு போடாது என்பதைத்தான் அந்த ஒளி காட்டுகிறது. இருட்டில் எடுத்திருந்தால் நாம் பரிதாபப்பட்டுவிட்டு எழுந்து போயிருப்போம்.

விடர்பெர்க் அழகுக்கு மயங்கிய ஆளும் இல்லை. இயக்குநராவதற்கு முன் விமர்சகராக இருந்தவர். 1962இல் எழுதிய நூலில், ஸ்வீடன் சினிமா கடவுளைப் பற்றியே பேசிக்கொண்டு மண்ணில் வாழும் மனிதரை மறந்துவிட்டது என்று, அந்நாட்டின் பெரிய இயக்குநரான இங்மார் பெர்க்மனையே எதிர்த்தவர். இந்தப் படத்துக்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1931இல் ஓடாலன் பகுதியில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் ஊர்வலத்தின்மேல் ராணுவம் சுட்டதைப் படமாக்கினார். அப்படிப்பட்டவர் வெறும் புல்வெளி காட்ட வந்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மருதநிலத்தான்:

ஆபரேட்டர் ஐயா சொன்னதோடு ஒன்று. கொடியில் துணி காயப்போடும் கயிற்றை மரத்துக்கு மரம் கட்டி அவள் நடந்து பழகும் காட்சி. ஓடிப்போன இடத்திலும் அவள் கால்கள் தொழிலை மறக்கவில்லை. அவனுக்கோ உடைவாளைத் தவிர ஒரு தொழிலும் தெரியாது. படத்தின் அரசியல் முழுவதும் அந்தக் கயிற்றில் இருக்கிறது.

நீலக்குறிஞ்சி:

சரியாகச் சொன்னீர்கள், மருதநிலத்தான். அதனால்தான் கேட்கிறேன்: தொழில் தெரிந்தவள் ஏன் சாக வேண்டும்? அவள் சர்க்கஸுக்குத் திரும்பியிருக்கலாம். கோபன்ஹேகனின் டிவோலி பூங்காவில் ஆடிய பெண் அவள். திரும்ப வழியில்லாதவன் அவன்தான். படையிலிருந்து ஓடியவன், கடனாளி. ஸ்வென்போர் நகர ஹோட்டலில் ஏறக்குறைய ஒரு மாதம் தங்கிவிட்டுக் கட்டணம் கட்டாமல் கிளம்பியவர்கள். அவனுக்கு எல்லாக் கதவும் அடைபட்டது என்பதற்காக அவள் கதவையும் சேர்த்துச் சாத்தினான். இதற்குக் காதல் என்று பெயரா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹெட்விக்குக்கு ஒரு தாய் இருந்தாள். அவளும் சர்க்கஸ்காரி. 1889 மே மாதம் சுண்ட்ஸ்வால் ஊரில் முகாமிட்டிருந்தபோது மகள் கூடாரத்தை விட்டுப் போய்விட்டாள். படத்தில் அந்தத் தாய்க்கு ஒரு காட்சிகூட இல்லை. நம் சங்கப் புலவர்கள் உடன்போக்கைப் பாடியபோது, போனவளின் காலடிச் சுவட்டைப் பார்த்து நிற்கும் நற்றாய்க்கும், பாலை வழியில் எதிர்ப்படுவோரையெல்லாம் கேட்டுக்கொண்டே போகும் செவிலிக்கும் தனித்தனிப் பாட்டு வைத்தார்கள். போனவர்களின் மகிழ்ச்சியை மட்டும் பாடினால் பாதிதான் பாடியதாகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

என் சித்தி ஒருவர் அப்படிப் போனவர். மனைவி இருப்பதை மறைத்த ஒருவனை நம்பிப் போனார். அவர் உயிரோடு திரும்பி வந்தார் என்பது எங்கள் பாட்டி செய்த புண்ணியம். அந்த எட்டு மாதமும் பாட்டி வாசல் விளக்கை அணைக்கவே இல்லை. படத்தின் கடைசியில் நான் அந்த விளக்கைத்தான் தேடினேன்.

வீணை மாணவி:

இசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். படத்தில் திரும்பத் திரும்ப வருவது மோசார்ட் 1785இல் எழுதிய 21ஆவது பியானோ கான்சர்ட்டோவின், அதாவது பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பின், இரண்டாம் பகுதி. வாசித்தவர் கேசா அண்டா. எல்லோரும் இதை இனிமை என்கிறார்கள். கூர்ந்து கேளுங்கள். அடியில் மும்மூன்றாக விழும் சுரங்கள் பகுதி முழுவதும் ஏறக்குறைய ஓயாமல் நடந்துகொண்டே இருக்கின்றன, கடிகார முள்போல. மேலே மெட்டு எவ்வளவு நீளமாக மூச்சை இழுத்தாலும் அந்த நடை காத்திருப்பதில்லை. நாள் எண்ணப்படுகிறது என்பது காதில் விழுகிறது. இசை பொய் சொல்லவில்லை.

எனக்கு வருத்தம் வேறொன்றில். படம் வந்தபின் அந்தக் கான்சர்ட்டோவுக்கே ‘எல்விரா மாடிகன்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. இசைத்தட்டு உறையிலும் அந்தப் பெயர் வந்தது. அவள் இறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிய இசைக்கு அவளுடைய பெயர், அதிலும் மேடைப் பெயர். ஹெட்விக் என்று யாரும் சொல்வதில்லை.

பழைய ஆபரேட்டர்:

நீலக்குறிஞ்சி அம்மா, சித்தியைப் பற்றிப் படித்தபின் பதில் எழுத ஒரு நாள் எடுத்துக்கொண்டேன். தாய் இல்லாதது படத்தின் குறை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ‘கொலையின்மேல் பூ’ என்பதை ஒப்ப மாட்டேன். அந்த வேலையைப் படத்துக்கு வெகு காலம் முன்பே செய்துவிட்டார்கள். இருவரும் இறந்த 1889ஆம் ஆண்டிலேயே யோஹான் லிண்ட்ஸ்ட்ரோம் சாக்சன் என்ற பத்திரிகையாளர் ஒரு கதைப்பாடல் எழுதினார். நம் சந்தைகளில் காலணாவுக்கு விற்ற கொலைச் சிந்து போன்றது அது. ஸ்வீடன் முழுக்கப் பாடினார்கள். எல்லோர் வாயிலும் இருந்த அந்தக் கண்ணீரைத் துடைத்துவிட்டு விடர்பெர்க் புதிதாகத் தொடங்கினார்.

கடைசி விருந்தைப் பாருங்கள். ரொட்டி, முட்டை, வைன். அவன் அவளை அணைத்தபடி துப்பாக்கியை எடுக்கிறான். முடியவில்லை, கை தளர்கிறது. வேறு வழியில்லை என்று சொல்பவள் அவள்தான். பிறகு எழுந்து போய் ஒரு பட்டாம்பூச்சியைத் துரத்துகிறாள். இரு கைகளாலும் அதைப் பிடிக்கும் கணத்தில் படம் உறைகிறது, வெடிச்சத்தம் கேட்கிறது. அவனை வீரனாகக் காட்டவே இல்லை. எதிரே நின்று சுடக்கூடத் துணிவில்லாதவனாகத்தான் காட்டியிருக்கிறார்.

நீலக்குறிஞ்சி:

ஐயா, நாம் மோதும் இடம் இதுதான். ‘வேறு வழியில்லை’ என்ற சொல்லை அவள் வாயில் வைத்தது யார்? காட்டில் நடந்ததைச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. தூக்கத்தில் இருந்தாளா, விழித்திருந்தாளா, வேண்டாம் என்றாளா, யாருக்கும் தெரியாது. திரைக்கதை எழுதியவர் அவளுடைய சம்மதத்தை எழுதிச் சேர்த்திருக்கிறார். இறந்தவளால் அதை மறுக்க முடியாது. அவனுடைய கோழைத்தனத்தை எவ்வளவு காட்டினாலும், அந்த ஒரு வசனம் அவனை விடுவித்துவிடுகிறது.

மருதநிலத்தான்:

வசனத்தை எடுத்துவிட்டால் அவள் வெறும் பலியாகிவிடுவாளே? படம் முழுவதும் அவனைவிடத் தெளிவாக இருப்பவள் அவள். அந்த வேடத்துக்காகப் பியா டெகெர்மார்க் 17 வயதில் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது பெற்றார். அந்த முகத்தில் தெரிவது ஏமாந்தவளின் பார்வை இல்லை.

நீலக்குறிஞ்சி:

தெளிவாக இருப்பவள் சாவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா? ஹோட்டல் கட்டணத்துக்குப் பயந்து ஓடாமல் தாய்க்கு ஒரு தந்தி அடிப்பதும் தெளிவுதான். அதை எழுத ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

பழைய ஆபரேட்டர்:

இதற்கு என்னிடம் பதில் இல்லை, அம்மா. ஒன்றை மட்டும் சொல்கிறேன். புல் காட்சி நினைவிருக்கிறதா? அவனைத் திரும்ப அழைத்துப்போக வந்த படை நண்பனிடம் சிக்ஸ்டன் சொல்வான்: ஒரு புல்லைக் கண்ணருகே பிடித்தால் மற்றதெல்லாம் மங்கிவிடும், அந்தப் புல்லே உலகம் என்று. முதல் முறை கேட்டபோது அதைப் பெரிய வாக்கு என்று டைரியில் எழுதி வைத்தேன். இப்போது உங்கள் பாட்டியின் விளக்கைப் பற்றிப் படித்தபிறகு, அந்தப் புல்லுக்குப் பின்னால் மங்கிப்போனவர்கள் யார் யார் என்று எண்ணிப்பார்க்கிறேன். அவன் மனைவி, இரண்டு குழந்தைகள், ஹெட்விக்கின் தாய். விடர்பெர்க் அந்தக் காட்சியை அவன் பக்கம் நின்று எடுத்தாரா, அவனைக் காட்டிக்கொடுக்க எடுத்தாரா? திரைப்படச் சங்கத்தில் படத்தின் பிரதி இன்னும் இருக்கிறது. இந்த ஞாயிறு அந்தச் சுருளை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.

நீலக்குறிஞ்சி:

ஓட்டிப் பாருங்கள், ஐயா. நண்பன் பேசும்போது கேமரா யார் முகத்தில் நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.