புதுச்சேரி பீச்: மணல் போனபோது, வந்தபோது நீங்கள் பார்த்தது

குருசுக்குப்பத்துப் பையன்:
காந்தி சிலைப் பக்கம் மணலில் உருண்டு வளர்ந்தவன் நான். அப்புறம் கடல் மணலை அரித்துக்கொண்டு போய்விட்டது, கரையெல்லாம் கொட்டிய கருங்கல்தான். 2019இல் லீவில் வந்தபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல்! அம்மா ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். முட்டிவலிக்காரர். அந்த நடையை மறக்க முடியவில்லை. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

லாட்ஜ்காரர்:
கல் மட்டும் இருந்த காலம். பெங்களூர்க் குடும்பம் ஒன்று. பீச் ரோட்டில் நின்றுகொண்டே அந்தக் குழந்தை "பீச் எங்கே அங்கிள்?" என்றது. கையில் பிளாஸ்டிக் வாளி. சுண்ணாம்பாற்றில் படகேற்றி பாரடைஸ் பீச்சுக்கு அனுப்பிவைத்தேன். மறுநாளே ரூமைக் காலி செய்துவிட்டார்கள்.

வடக்குக் கரை:
லாட்ஜ்காரரே, உங்களுக்குப் போனது ஒரு நாள் வாடகை. புதுச்சேரிக்கு வடக்கே தந்திராயன்குப்பத்தில் எங்கள் சித்தப்பா வீட்டுச் சமையலறை விடியற்காலையில் கடலுக்குள் போனது. சுவர் விழுந்த சத்தத்தில் ஓடிப்போய்ப் பார்த்தால் அலைக்கு நடுவே அம்மிக்கல் மட்டும் நிற்கிறது. கடலைக் குறை சொல்லாதீர்கள். கச்சான் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், மணல் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். 1989இல் துறைமுகம் வந்தது, அலைத்தடுப்புச் சுவர் அதை மறித்தது. தேங்கிய மணலை அள்ளி வடக்கே சேர்த்திருக்க வேண்டும், ஒழுங்காகச் செய்யவில்லை. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள், அரிப்பு எங்கள் பக்கம் நகர்ந்தது. செயலகத்துக்கு எதிரே வந்த மணலை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதாதீர்கள்.

குருசுக்குப்பத்துப் பையன்:
அண்ணே, சரியாகிவிட்டது என்று நான் எழுதவே இல்லை. அம்மா நடந்ததைத்தான் எழுதினேன்.

நடைப்பயிற்சி சார்:
போன வருஷம் ஒரு கல்லூரிப் பையனை அலையிலிருந்து இழுத்துப்போட்டார்கள், பிழைத்துக்கொண்டான். அதனால் எல்லாருக்கும் சொல்கிறேன். அந்த மணல் தானாக வரவில்லை. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி தண்ணீருக்கடியில் இரும்புத் திட்டு ஒன்றை இறக்கியிருக்கிறார்கள், அது அலையின் வேகத்தைக் குறைத்து மணலைப் பிடித்து வைக்கிறது. மேலே நின்று பார்த்தால் தெரியாது. திட்டுப் பக்கம் நீந்தாதீர்கள். கரை சாதுவாகத் தெரிந்தாலும் இடுப்பளவுக்கு மேல் போகாதீர்கள். பாசி பிடித்த கல்லில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீரில் காலே வைக்காதீர்கள். சாயங்காலம் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள், நிதானமாக நடங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

லாட்ஜ்காரர்:
வடக்குக் கரை தம்பி, நான் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை. சித்தப்பா இப்போது எங்கே இருக்கிறார்?

வடக்குக் கரை:
கோட்டக்குப்பத்தில் வாடகை வீட்டில், அண்ணே. அம்மியைத் தூக்கி வந்துவிட்டோம்.