எம்.எஸ்சி. வேதியியல் சேரலாமா, வேலைக்குப் போய்விடலாமா?

மலைக்கோட்டை_மாணவி:
திண்டுக்கல் பக்கம், அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம் படிக்கிறேன். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பி.ஜி. போனால் அது நின்றுவிடும். ஓசூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். எம்.எஸ்சி. முடித்த சீனியர் அக்கா ஒருவர் ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். அதைக் காட்டித்தான் வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

லேப்_அக்கா:
சேர் தங்கச்சி. ஆனால் கல்லூரியைப் பார்த்துச் சேர்.

நான் ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில், தரம் சோதிக்கும் க்யூசி லேபில் இருக்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது இன்டர்வியூவில் நானும் உட்காருவேன். அமெரிக்காவுக்குப் போகும் மாத்திரை என்றால் ஒவ்வொரு பேட்சையும் சோதிக்க வேண்டும். அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆய்வாளர் எப்போது வந்து கேட்டாலும் பதிவுகள் சரியாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் எம்.எஸ்சி. கேட்கிறோம். வருகிற பிள்ளைகளோ, மருந்தில் இருப்பதைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியைப் புத்தகப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். பஃபர் கரைசல் தயாரித்து பிஹெச் (அமில-கார அளவு) சரிசெய்யச் சொன்னால் கை நடுங்குகிறது. மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் 80 சதவீதம்! எனக்கு அந்தப் பிள்ளைகள்மேல் கோபமே வராது. லட்சக்கணக்கில் கருவி வாங்கி, மாணவர் கை படாமல் பூட்டி வைக்கிறார்களே, அவர்கள்மேல்தான் வரும்.

அதனால் சேரும் முன் அங்கே இரண்டாம் வருஷம் படிப்பவர்களிடம் பேசு. கருவி ஓடுகிறதா, மாணவர்களைத் தொட விடுகிறார்களா, கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு வெளி லேபுக்கு அனுப்புகிறார்களா என்று கேள்.

காரைக்குடி_ஆய்வாளர்:
பணத்துக்கு ஒரு வழி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் முதுநிலை தேசிய உதவித்தொகையில் வருஷத்துக்கு 10 மாதம், மாதம் 15,000 ரூபாய் தருகிறார்கள். நாடு முழுவதற்கும் 10,000 பேர்தான், அதனால் போட்டி அதிகம். இளநிலை மதிப்பெண்தான் அடிப்படை. சியுஇடி பிஜி என்ற நுழைவுத் தேர்வு எழுதினால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கும் முயலலாம். அப்புறம் நெட் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000. நடுவில் எம்.எஸ்சி. படிக்கும் அந்த இரண்டு வருஷத்தில்தான் காசில்லாத வீட்டுப் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள்.

பழனி_சார்:
முதலில் வேலைக்குப் போகட்டும். எம்.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு பிஜி டிஆர்பி ஆசிரியர் தேர்வுக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

லேப்_அக்கா:
சார், எல்லோரும் ஆசிரியர் வேலையையே நம்பி எம்.எஸ்சி. படித்தால் அப்படித்தான் ஆகும். பேக்கிங்கில் சேர்ந்தவர் லேபுக்கு மாறுவது எங்கள் கம்பெனியில் அபூர்வம். 2021-22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், இந்திய அளவில் 28.4. இவ்வளவு பேரைக் கல்லூரிக்குள் கொண்டுவந்த அரசு, புதுமைப் பெண் பணத்தை எம்.எஸ்சி.க்கும் நீட்டலாம், லேபில் கரைப்பான் வாங்கவும் காசு ஒதுக்கலாம். இதை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன்.

தங்கச்சி, எந்தெந்தக் கல்லூரி பார்க்கிறாய் என்று இங்கேயே எழுது. அங்கே படித்தவர்கள் எங்கள் லேபில் இருந்தால் விசாரித்துச் சொல்கிறேன்.