வீட்டு நீச்சல் குளம்: போர்வெல் தண்ணீரோடு மல்லுக்கட்டிய அனுபவங்கள்

கோவை, வடவள்ளி பக்கம்

வீட்டில் குளம் கட்டி முதல் கோடையைத் தாண்டியாகிவிட்டது. புதிதாகக் கட்டியவர்களும் கட்டப் போகிறவர்களும் இங்கே சிலர் இருப்பதால், தண்ணீரைப் பரிசோதிக்கிற விஷயத்தில் நான் பார்த்ததை எழுதுகிறேன். உங்கள் ஊர்த் தண்ணீர் என்ன பாடு படுத்தியது என்று நீங்களும் சொல்லுங்கள்.

எங்கள் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். பெருக்கினால் 44.8 கன மீட்டர், ஏறக்குறைய 45,000 லிட்டர். இந்தக் கணக்கை முதலில் நீங்களே போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கட்டிக் கொடுத்தவர்கள் "ஒரு லட்சம் லிட்டர் பிடிக்கும் சார்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதை நம்பியிருந்தால் போடுகிற மருந்தெல்லாம் இரண்டு மடங்காகியிருக்கும்.

அவர்கள் கொடுத்த பரிசோதனைப் பெட்டியில் இரண்டு குழாய்கள் இருந்தன. குளோரினுக்கு மஞ்சளாக மாறும் சொட்டு ஒன்று, பிஎச் (தண்ணீர் அமிலப் பக்கமா காரப் பக்கமா என்று காட்டும் எண்) பார்க்கச் சிவப்புச் சொட்டு ஒன்று. அந்த மஞ்சள் சொட்டு மொத்தக் குளோரினைத்தான் காட்டும். வேலை செய்யத் தயாராக இருக்கிற குளோரின் எவ்வளவு, ஏற்கெனவே அழுக்கோடு சேர்ந்து சோர்ந்துபோனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. அதற்கு இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி முறை வேண்டும். கொஞ்சம் விலை கூடத்தான், ஆனால் வாங்கிவிடுங்கள். அதோடு காரத்தன்மை (பிஎச் சட்டென்று மாறாமல் தாங்குகிற உப்புகளின் அளவு), கடினத்தன்மை (சுண்ணாம்புச் சத்து), ஸ்டெபிலைசர் (வெயிலில் குளோரின் பறக்காமல் பிடித்துவைப்பது) மூன்றையும் பார்க்கிற பெட்டியாக வாங்கினால் பிறகு அலைய வேண்டாம்.

பார்க்கிற விதம் இதுதான். தண்ணீர் உள்ளே வருகிற வாய்க்குப் பக்கத்தில் எடுக்கக் கூடாது. முழங்கை வரை கையை விட்டு, குழாயைத் தலைகீழாகக் கொண்டுபோய் அங்கே நிமிர்த்தி எடுக்க வேண்டும். கோடு வரை தண்ணீர், உங்கள் பெட்டியில் சொன்ன எண்ணிக்கைக்குச் சொட்டு, அப்புறம் மூடியைப் போட்டுக் கலக்க வேண்டும். எங்கள் வீட்டில் கட்டைவிரலால் குழாயின் வாயை அடைத்துக் குலுக்குகிற பழக்கம் வந்தது, நிறுத்திவிட்டேன். வியர்வைக் கை பட்டாலே பிஎச் மாறிப்போகும். வெள்ளைச் சுவருக்கு எதிரே, நிழலில், உடனே பார்க்க வேண்டும்.

இப்போது முக்கியமான சங்கதி. சிறுவாணித் தண்ணீர் ருசியில் எப்படியோ, குளத்துக்கும் அது அருமையாக இருந்திருக்கும். ஆனால் அதைக் குளத்துக்குத் திருப்பிவிட யாருக்கு மனசு வரும்? நிரப்பியது போர் தண்ணீர்தான். நிரப்புகிற தண்ணீரையே தனியாகப் பரிசோதித்தேன். காரத்தன்மை 320 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று கணக்கு), கடினத்தன்மை 600-க்கு மேல். குளத்துக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு காரத்தன்மைக்கு 80 முதல் 120, கடினத்தன்மைக்கு 200 முதல் 400. பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டு வீடியோக்களில் எடுத்த எடுப்பிலேயே ஆப்பசோடா போடச் சொல்வார்கள். அங்கே காரத்தன்மை குறைவு, அதனால் சரி. நம் போர் தண்ணீரில் அதைப் போட்டால் எரிகிற கொள்ளியில் எண்ணெய்தான். காரத்தன்மை கூடுதலாக இருந்தால் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேற வெளியேற பிஎச் ஏறிக்கொண்டே போகும். இன்று ஆசிட் விட்டு 7.4 ஆக்கினால் நாளை மறுநாள் 7.9. ஏதோ தப்பாகப் போட்டுவிட்டோம் என்று தோன்றும். தப்பே இல்லை, தண்ணீரின் குணம் அது.

பிஎச் ஏன் முக்கியம் என்றால், 7.5-இல் குளோரினில் பாதி தீவிரமாக வேலை செய்கிற நிலையில் இருக்கும். 8-ஐத் தொட்டால் கால்வாசிதான். காசு கொடுத்து வாங்கிய குளோரினில் முக்கால்வாசி சும்மா மிதந்துகொண்டிருக்கும்.

காரத்தன்மையைக் குறைக்க நாங்கள் பிடித்த வழி ஆசிட்டும் காற்றும். 45,000 லிட்டரில் 10 பிபிஎம் குறைய, 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஏறக்குறைய ஒரு லிட்டர் வேண்டும். 320-லிருந்து 120-க்கு என்றால் கிட்டத்தட்ட 20 லிட்டர். ஒரே நாளில் கொட்டுகிற சமாசாரம் இல்லை. கொஞ்சம் விட்டு பிஎச்சை 7.2-க்குக் கொண்டுவந்து, நீரூற்றை ஓடவிட்டால் காரத்தன்மை ஏறாமல் பிஎச் மட்டும் ஏறும். மறுபடி கொஞ்சம் ஆசிட். இப்படிப் பல வாரம் இழுத்தது.

கடினத்தன்மைக்கு இந்த வித்தையெல்லாம் பலிக்காது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிறது, சுண்ணாம்பு குளத்திலேயே தங்குகிறது, மேலே நிரப்புவதும் அதே போர் தண்ணீர். டைல்ஸ் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்த பிறகு, மொட்டை மாடி மழைத் தண்ணீரை வடிகட்டிக் குளத்துக்கே திருப்பினோம். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்பா முனகிக்கொண்டே கட்டிய தொட்டி அது. மழைத் தண்ணீரில் கடினத்தன்மை அநேகமாகப் பூஜ்யம் என்பதால் ஒரு நல்ல மழைக்கே அந்த அளவு இறங்கிவிடுகிறது.

சென்னை, ஈசிஆர்

அண்ணா, உங்களுக்குச் சுண்ணாம்பு, எங்களுக்கு இரும்பு.

கிணற்றில் உப்பு ஏறிவிட்டதால் லாரித் தண்ணீர் வாங்கித்தான் நிரப்பினோம். நிரம்பி நின்றபோது அடியில் கிடந்த நாலணா அளவுக் கல் கூடத் தெரிந்தது. ராத்திரி குளோரின் போட்டுவிட்டுப் படுத்தோம். காலையில் குளம் முழுக்கக் கடுங்காப்பி நிறம்! வாட்ச்மேன் யாரோ சாயம் கலந்துவிட்டார்கள் என்றே சத்தியம் செய்தார். விசாரித்தபோதுதான் விளங்கியது. தண்ணீரில் இரும்பு கரைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. குளோரின் பட்டதும் துருவாக மாறி நிறம் காட்டிவிடும்.

அதனால் இப்போது லாரி வந்தால் முதலில் ஒரு வெள்ளைப் பக்கெட்டில் பிடித்து, ஒரு மூடி குளோரினை விட்டு மறுநாள் வரை வைத்துப் பார்க்கிறேன். நிறம் மாறினால் அந்த லாரிக்காரருக்கு அடுத்த ஆர்டர் கிடையாது. பத்து ரூபாய் கூடச் செலவில்லாத பரிசோதனை இது.

வந்த துருவை வெளியேற்றப் படிகாரம் போட்டோம். கரைத்துப் பரவலாக ஊற்றி, மோட்டாரை நிறுத்தி ராத்திரி முழுக்க ஆடாமல் விட்டால் எல்லாம் அடியில் செம்பழுப்புப் பஞ்சு மாதிரி படியும். அதை வேக்குவத்தில் மெதுவாக உறிஞ்சி, ஃபில்டருக்குள் விடாமல் நேராக வெளியே தள்ள வேண்டும். படிகாரம் காரத்தன்மையைக் குறைக்கும். எங்களுக்கும் அது கூடுதலாகவே இருந்ததால் வலிக்கவில்லை. குறைவாக உள்ளவர்கள் போட்ட பிறகு பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். பாசி வராமல் இருக்க வாரா வாரம் ஒரு கை அள்ளிப் போடுகிற பராமரிப்பு ஆட்கள் நிறைய. எங்களிடம் வந்தவரும் அப்படித்தான். தண்ணீர் அழகான நீலமாக இருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. செம்பு எங்கும் போகாமல் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. நம் கறுப்பு முடியில் ஒன்றும் தெரியாது. தினமும் நீந்துகிற மாமனாருக்கு முழு நரை. ஒரு நாள் வெயிலில் நின்றபோது தலையில் லேசான பச்சை! அவர் ஷாம்புவைத் திட்டிக்கொண்டிருந்தார். படிக்கட்டின் வெள்ளை டைல்ஸிலும் அதே பச்சை இருந்ததைக் காட்டிய பிறகுதான் நம்பினார். இப்போது மயில்துத்தம் வாசலுக்குள்ளேயே வரக் கூடாது.

திருச்சி

எங்கள் கதை மாத்திரைக் கதை. 200 கிராம் டிசிசிஏ 90 (மெதுவாகக் கரையும் குளோரின்) மாத்திரையை மிதவையில் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் குளோரினோடு ஸ்டெபிலைசரும் சேர்ந்தே வருகிறது, அதாவது சயனூரிக் ஆசிட். வெயிலில் குளோரின் பறந்துவிடாமல் பிடித்துவைப்பது அதுதான், 30 முதல் 50 பிபிஎம் இருந்தால் நல்லது. அளவு மிஞ்சினால் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும்.

வடவள்ளி நண்பரின் 45,000 லிட்டரையே எடுத்துக்கொள்வோம். ஒரு மாத்திரை கரைந்தால் குளோரின் 4 பிபிஎம், ஸ்டெபிலைசர் சுமார் 2.4 பிபிஎம். குளோரின் செலவாகிவிடும், ஸ்டெபிலைசர் அப்படியே இருக்கும். முப்பது மாத்திரை போனால் 70-ஐத் தாண்டியாகிவிட்டது. எங்கள் குளத்தில் குளோரின் 3 காட்டுகிறது, பிஎச் சரி, ஆனால் படிக்கட்டு மூலையில் வழவழவென்று பச்சை. ஸ்டெபிலைசர் சோதனையில் குழாயின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். சோதனை மருந்து கலந்து கலங்கிய தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்து, புள்ளி மறைகிற உயரத்தைப் படிக்க வேண்டும். எங்களுக்குக் கொஞ்சம் ஊற்றியதுமே மறைந்துவிட்டது. அளவுக்கோட்டில் அடியில் இருக்கிற கடைசி எண் 100, தண்ணீர் அதற்கும் கீழே நின்றது, அதாவது ஸ்டெபிலைசர் 100-ஐயும் தாண்டிவிட்டது.

இதற்கு மருந்து கிடையாது. தண்ணீரைப் பாதி இறைத்து மாற்ற வேண்டியதுதான். குளோரின் போடுவதை நிறுத்தி, வெயிலில் அது இறங்கிய பிறகு தென்னைக்கு விட்டோம். ஈசிஆர் அக்காவுக்கு ஒரு வார்த்தை: மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது குளத்தை முழுக்கக் காலி செய்துவிடாதீர்கள். கீழிருந்து வரும் அழுத்தம் காலிக் குளத்தையே தூக்கி விரிசல் விட வைத்துவிடும்.

இப்போது வார நாட்களில் திரவக் குளோரின், ஊருக்குப் போனால் மட்டும் மாத்திரை. திரவத்தைப் புதிதாக வாங்குங்கள். நம் வெயிலில் கேனிலேயே வீரியம் போய்விடும்.

மெல்போர்ன்

இங்கே எல்லாம் தலைகீழ். குழாய்த் தண்ணீர் ரொம்ப மென்மையானது. கால்சியத்தை நாமே வாங்கிச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். டைல்ஸ் இடுக்கு சொரசொரவென்று அரித்துப்போயிருந்ததை விரல் வைத்தே உணர்ந்தேன். ஆப்பசோடாவும் அடிக்கடி தேவை. அந்த வீடியோக்கள் எங்களுக்காக எடுத்தவை போலிருக்கிறது. கடைக்குப் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனால் பல இடங்களில் இலவசமாகவே பரிசோதித்துத் தருகிறார்கள். அப்புறம் ஒரு கூடை சாமான் வாங்கச் சொல்லிச் சீட்டும் தருவார்கள். வீட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனால் அந்தச் சீட்டு பாதியாகும்.

குளம் பராமரிப்பு வேலை, சென்னை

சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம். நான் இந்த வேலையில் இருக்கிறவன். மயில்துத்தம் அள்ளிப் போடுகிற ஆட்கள் பற்றிச் சொன்னது உண்மைதான்.

"குளோரின் நாத்தம் தூக்கலா இருக்கு, குறைச்சுப் போடுங்க" என்று பல வீட்டில் சொல்வார்கள். நல்ல குளோரினுக்கு அவ்வளவு நாற்றம் கிடையாது. வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து கெட்டுப்போன குளோரின்தான் மூக்கில் ஏறும், கண்ணையும் எரிக்கும். அதற்குக் குளோரினைக் கூட்டித்தான் போட வேண்டும், சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு. குளித்துவிட்டு இறங்கச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டு நேராகக் குதிக்கிற வீடுகள் உண்டு. ஞாயிறு காலையில் போனால் டைல்ஸ் ஓரத்தில் விரலால் வழித்து எடுக்கலாம்.

டிபிடி சொட்டில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. குளோரின் மிக அதிகமானால் இளஞ்சிவப்பு வெளுத்து, குழாய் தெளிவாகவே நிற்கும். பார்க்கிறவர் பூஜ்யம் என்று நினைத்து மேலும் ஊற்றுவார். நான் போன ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது, பிள்ளைகளின் நீச்சல் உடை சாயமே போய்விட்டது. சந்தேகம் வந்தால் குளத்துத் தண்ணீர் பாதி, குடிதண்ணீர் பாதி கலந்து மறுபடி பாருங்கள். நிறம் வந்தால் அதிகம் என்று அர்த்தம். பிஎச் சொட்டும் குளோரின் அதிகமானால் ஊதாவாகிப் பொய் சொல்லும்.

இதைக் கட்டாயம் கேளுங்கள். ஆசிட்டும் குளோரினும் ஒரே மக்கில், ஒரே வாளியில் படக் கூடாது. விஷ வாயு வரும். ப்ளீச்சிங் பவுடர், கால்சியம் ஹைப்போ அளந்த கரண்டியை டிசிசிஏ டப்பாவில் விடக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆசிட்டைக் கரைக்கும்போது வாளியில் முதலில் தண்ணீர், அதில் ஆசிட். மாற்றிச் செய்யாதீர்கள். காற்று நம் முதுகுப் பக்கமிருந்து அடிக்கிற மாதிரி நின்று ஊற்ற வேண்டும்.

சேலம்

குளோரின் போட்ட பிறகு பிள்ளைகளை எப்போது இறக்கலாம்? பேத்தி வாசலிலேயே மிதவையை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அப்புறம், அந்தத் தாள் பட்டைகளை நம்பலாமா?

கோவை, வடவள்ளி பக்கம்

அம்மா, மணிக்கணக்கு வைத்து இறக்க வேண்டாம். மோட்டார் ஓடிக் கலந்த பிறகு பரிசோதியுங்கள். குளோரின் 1 முதல் 4, பிஎச் 7.2 முதல் 7.8, ஆழமான பக்கத்தில் அடியில் இருக்கிற வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் இறக்குங்கள். கலங்கலாக இருந்தால் எண்கள் என்ன காட்டினாலும் வேண்டாம். பிள்ளை அடியில் போனால் கண்ணுக்குத் தெரியாது.

தாள் பட்டை அவசரத்துக்குப் பரவாயில்லை. ஈரக் கையை டப்பாவுக்குள் விட்டால் மிச்சமிருக்கும் பட்டைகளும் கெட்டுவிடும், திறந்தே வைத்தாலும் காற்றின் ஈரம் போதும். ஆசிட் எவ்வளவு என்று முடிவு செய்யச் சொட்டுப் பெட்டியையே பாருங்கள். பெட்டியைப் பம்ப் ரூமில் வைக்காதீர்கள். அங்கே சூடும் ஆசிட் ஆவியும் சொட்டைக் கெடுத்துவிடும். வீட்டுக்குள் நிழலான அலமாரியில் வைத்து, பாட்டிலில் போட்டிருக்கும் தேதி தாண்டினால் சொட்டை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். குழாய்கள் அப்படியே உதவும்.