சிம்னி ஓடுகிறது, புகை போகவில்லை: மாடலை மாற்றணுமா?

கோவை_நித்திலா: அடுக்குமாடி வீடு, நாலாவது மாடி. மூன்று பர்னர் அடுப்புக்கு மேலே ஃபில்டர்லெஸ், ஆட்டோகிளீன் சிம்னி. பெட்டியில் காற்றை இழுக்கும் திறன் மணிக்கு 1,200 கன மீட்டர் என்று போட்டிருந்தது. ஆனால் காய்ந்த மிளகாய் தாளித்தால் ஹாலில் உட்கார்ந்திருப்பவர்கள் இருமுகிறார்கள். மீன் வறுத்தால் கேட்கவே வேண்டாம். சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை. அணைத்து வைத்திருந்தால் கீழ்வீட்டுச் சாம்பார் வாசனை எங்கள் சமையலறைக்குள் வருகிறது! சர்வீஸுக்கு வந்தவர், "ஃபில்டர்லெஸ் இப்படித்தான் மேடம், பேஃபிள் வாங்கிக்குங்க" என்கிறார். புகையை வெளியே கொண்டுபோகும் குழாயான டக்ட்டே இல்லாத கார்பன் வகை நல்லது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எதைக் கேட்பது?

அடுப்படி அக்கா: எங்கள் வீட்டில் பேஃபிள்தான். புகை நன்றாகப் போகிறது. ஆனால் அந்தத் தகடுகளை அடிக்கடி கழற்றி வெந்நீரில் ஊறவைத்துத் தேய்க்கணும், சோம்பல்பட்டால் பிசுக்கு ஏறிவிடும். அடுப்பிலிருந்து எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள் நித்திலா?

குழாய்க்காரன்: சகோ, அவசரப்பட்டு மாற்றாதீங்க. பேஃபிள், ஃபில்டர்லெஸ் எல்லாம் எண்ணெயை எப்படிப் பிரிக்கிறது என்பதில்தான் வேறுபடும். பேஃபிளில் காற்று வளைந்து வளைந்து போகும்போது எண்ணெய் தகட்டில் ஒட்டும். ஃபில்டர்லெஸ்ஸில் சுழலும் ஃபேன் எண்ணெயை ஓரத்துக்கு வீசும், அது கீழே உள்ள கிண்ணத்தில் சேரும். ஆட்டோகிளீன் என்பது உள்ளே சூடேற்றிப் பிசுக்கை இளக வைக்கிற வசதி, புகை இழுப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

புகை வெளியே போகிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது டக்ட். சத்தம் பலமாக வந்தும் இழுவை இல்லை என்றால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான். சிம்னி தலையில் உள்ள குழாயைக் கழற்றிவிட்டு ஓடவிடுங்க. ஒரு செய்தித்தாளைக் கீழே பிடித்தால் பச்சென்று ஒட்டுகிறதா? ஒட்டினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, கோளாறு குழாயில்.

கார்பன் வகை புகையை வெளியே அனுப்பாது. வடிகட்டி அதே சமையலறைக்குள் விடும். வாசனை குறையும், சூடும் ஈரமும் அப்படியே இருக்கும். ஃபில்டரைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றணும். சுவரில் துளை போட வழியே இல்லாத வாடகை வீடு என்றால் சரி. நம்ம தாளிப்புக்கு அது தாங்காது.

கோவை_நித்திலா: அக்கா, உயரம் 28 அங்குலம். அண்ணா, தாள் ஒட்டுகிறது! ஃபால்ஸ் சீலிங் பலகையைத் திறந்து பார்த்தோம். சிம்னியில் 6 அங்குல வாய். அதில் மாட்டிய அலுமினிய மடிப்புக் குழாய் நடுவில் தொய்ந்து கிடக்கிறது, சுவருக்குப் பக்கத்தில் 4 அங்குலமாகக் குறுக்கி பழைய துளையில் சொருகியிருக்கிறார்கள்.

குழாய்க்காரன்: அதேதான். 6 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம், 4 அங்குலத்துக்குப் பன்னிரண்டரைதான். வழி பாதிக்கும் கீழே போயிற்று. அந்த 1,200 குழாய் மாட்டாமல் அளந்த கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்க. உயரம் சரி, அதை மாற்ற வேண்டாம். தொய்ந்த இடத்தில் எண்ணெய் தேங்கியிருக்கும், அந்தக் குழாயைத் தூக்கிப் போடுங்க. கடைசி வரை 6 அங்குலம், வளைவு ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். வெளிமுனையில் மூடித் திறக்கிற ஃபிளாப் வைத்த கவுல் கவர் மாட்டினால் சாம்பார் வாசனை நிற்கும்.

அடுப்படி அக்கா: சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் சிம்னியோடு சேர்த்துப் போடாதே. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை, உள்ளே காற்று வந்தால்தானே வெளியே போகும்.

கோவை_நித்திலா: துளையைப் பெரிதாக்க யாரைக் கூப்பிடுவது? கொத்தனாரா?

குழாய்க்காரன்: மெஷினால் வட்டமாகத் துளை போடுகிற கோர் கட்டிங் ஆளைக் கூப்பிடுங்க, சுத்தியல் உளி வேண்டாம். அந்த இடத்தில் பீம் வருகிறதா என்று கட்டட வரைபடத்தில் பார்த்துவிட்டு, அசோசியேஷனிலும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. குழாய் பொதுவான ஷாஃப்ட்டுக்குள் போகிறது என்றால் கீழ்வீட்டுக்கும் ஃபிளாப் போடச் சொல்லணும்.