அப்டேட்: நெட்டீசா பாக்ஸ் ஸ்லோ ஆன பிரச்சனை தீர்ந்துச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, எங்க நெட்டீசா பாக்ஸ்ல (பெரிய டேட்டாவை அலசறதுக்குன்னே வர்ற டேட்டாபேஸ் மெஷின்) மாசக் கடைசி ரிப்போர்ட் முக்கால் மணி நேரம் ஓடுது, இன்னொரு ரேக் வாங்கி மெஷினைப் பெருசாக்கணுமான்னு. வேண்டாம்ங்க, மெஷின் மேல தப்பே இல்ல.

ஸ்க்யூ, அதாவது டேட்டா சமமா பரவாம சில இடத்துல மட்டும் குவிஞ்சிருக்கான்னு பாருங்கன்னு ஒருத்தர் சொன்னார், அவருக்கு பெரிய நன்றி. டேட்டாஸ்லைஸ்ஐடி (ஒவ்வொரு வரியும் டிஸ்க்குகள்ல எந்தப் பங்குல, அதாவது எந்த ஸ்லைஸ்ல இருக்குன்னு சொல்ற நம்பர்) வச்சு குரூப் பண்ணி கவுண்ட் எடுத்துப் பாத்தா பகீர்னு ஆயிடுச்சு, 92 ஸ்லைஸ்ல வெறும் 6 ஸ்லைஸ்லதான் மொத்த டேபிளும் உக்காந்திருக்கு! எங்க டீம் ரீஜியன் கோடை டிஸ்ட்ரிபியூஷன் கீயா (எந்த வரி எந்த ஸ்லைஸுக்குப் போகணும்னு முடிவு பண்ற ஃபீல்டு) வச்சிருந்தோம், அதுல இருக்கறதே 6 வேல்யூதான், ஹேஷ் பண்ணா ஒரே வேல்யூ எப்பவும் ஒரே ஸ்லைஸுக்குத்தான் போகும், வேற எங்க போகும், மீதி டிஸ்க்கெல்லாம் சும்மா கிடந்திருக்கு.

இந்த மாதிரி அப்ளையன்ஸோட பலமே எல்லா டிஸ்க்கும் ஒரே நேரத்துல படிக்கறதுலயும், டிஸ்க்குலேர்ந்து வர்ற டேட்டாவை சிபியூவுக்குப் போறதுக்கு முன்னாடியே எஃப்பிஜிஏ (நமக்கு வேண்டிய வேலைக்கேத்த மாதிரி அமைச்சுக்கற சிப்) வடிகட்டித் தள்றதுலயும்தான் இருக்கு, டேட்டா சமமா பரவலன்னா எவ்ளோ காசு போட்டு என்ன வாங்கினாலும் அந்த 6 ஸ்லைஸ் முடிக்கற வரைக்கும் எல்லாரும் காத்துத்தான் நிக்கணும்.

பில்லுக்கு பில் மாறுற இன்வாய்ஸ் நம்பரை கீயா போட்டு புது டேபிள்ல காப்பி பண்ணி ரீநேம் பண்ணிட்டோம். இப்ப 4 நிமிஷம். அடுத்து கஸ்டமர் டேபிளையும் செக் பண்ணணும்.